குறிஞ்சித்தேனை எந்தப் பெட்டியில் போடுவது?

கதையில் வரும் மோதலைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர நாலு பெட்டி போடுவாங்க: மனிதனும் மனிதனும், மனிதனும் இயற்கையும், மனிதனும் சமூகமும், மனிதனும் அவன் மனசும். 1963-ல் வந்த ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’ எதில் சேரும்?

நீலகிரி படகர்களின் கதை அது. 12 வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சிதான் காலக்கணக்கு. எருமையும் சாமையும் இருந்த மலையில் தேயிலையும் பணமும் நுழைகின்றன. உறவுக்குள் பகை வளர்கிறது. இங்கே மலை எதிரி இல்லை, இழக்கப்படுவதே அதுதான். தேயிலையை வில்லனாக்கவும் முடியாது. காசும் வசதியும் அதோடுதான் வந்தன.

அதனால் “யாருக்கும் யாருக்கும் சண்டை?” என்பதோடு நிற்காமல், “எது கிடைக்க எதை விட்டார்கள்?” என்றும் வகுப்பில் கேட்கணும். பெட்டி தொடக்கத்துக்கு உதவும். கதை அதற்குள் முடியாது.