விற்கும் நாளின் விலை

இந்திய மியூச்சுவல் ஃபண்டுகளின் சங்கமான ஆம்ஃபி மாதந்தோறும் வெளியிடும் புள்ளிவிவரங்களில், எஸ்.ஐ.பி. எனப்படும் சீரான முதலீட்டுத் திட்டத்தின் வழியே வந்த தொகையே அண்மைக் காலத்தில் தலைப்புச் செய்தியாகிறது. 2016 ஏப்ரலில் 3,100 கோடி ரூபாயை ஒட்டியிருந்த அந்த மாதத் தொகை, 2024 அக்டோபரில் 25,000 கோடியைத் தாண்டியது. அதே மாதத்தில் அந்நிய முதலீட்டு நிறுவனங்கள் ஏறத்தாழ 94,000 கோடி ரூபாய் மதிப்புள்ள இந்தியப் பங்குகளை விற்று வெளியேறின. செப்டம்பர் இறுதியில் 26,000 புள்ளிகளைக் கடந்திருந்த நிஃப்டி பங்குக் குறியீடு, அடுத்த ஏப்ரலின் தொடக்கத்தில் 22,000க்குக் கீழே போய் வந்தது. அந்தச் சரிவின்போது நிதி ஆலோசகர்களும் வணிக இதழ்களும் சிறு முதலீட்டாளருக்குச் சொன்ன ஆறுதல் ஏறக்குறைய ஒன்றே: எஸ்.ஐ.பி.யில் இருப்பவருக்குச் சந்தையின் போக்கு குறித்த கணிப்பே தேவையில்லை. விலை ஏறினால் கையிருப்பின் மதிப்பு கூடும், இறங்கினால் அதே பணத்துக்கு அதிக யூனிட்டுகள் கிடைக்கும். ஆகவே எதையும் பார்க்காமல் தொடர்ந்து செலுத்திவர வேண்டும். சேமிப்பின் முதல் சில ஆண்டுகளுக்கு இந்த அறிவுரை முற்றிலும் பொருந்தும். அதையே இருபது ஆண்டுகளுக்கும் நீட்டி, எந்த வயதினருக்கும் எந்தத் தேவைக்கும் பொதுவான விதியாக்கும்போதுதான் அது பிழையாகிறது.

இத்திட்டத்தின் நன்மைகள் பலமுறை எழுதப்பட்டவை, அவற்றை மறுப்பதற்கில்லை. மாதச் சம்பளக்காரரின் வருமானம் வரும் முறைக்கே இது ஒத்துப்போகிறது. சம்பளம் வந்த சில நாட்களில் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே தொகை எடுக்கப்படுவதால் சேமிப்பு மனவுறுதியை நம்பியிருப்பதில்லை. 500 ரூபாயிலும் தொடங்கலாம் என்பதால் பங்குச் சந்தையின் வாசலையே மிதிக்காத குடும்பங்களுக்கும் நாட்டின் பெருநிறுவனங்களின் இலாபத்தில் ஒரு சிறு பங்கு கிடைக்கிறது. எதிர்காலப் பேரங்களிலும் விருப்ப ஒப்பந்தங்களிலும் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் நட்டமடைந்ததாகப் பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபியின் ஆய்வு காட்டிய நிலையில், எஸ்.ஐ.பி. எவ்வளவோ மேலான வழி. கையில் மொத்தமாகப் பணம் இருந்தால் அதைப் பிரித்துப் போடுவதைவிட ஒரே தவணையில் போடுவதே பெரும்பாலும் அதிகம் ஈட்டும் என்பது பொருளியலாளர் வழக்கமாக எழுப்பும் ஆட்சேபம். 1979இல் ஜார்ஜ் கான்ஸ்டான்டினிடிஸ் கோட்பாட்டளவில் நிறுவியதும், 2012இல் வான்கார்டு நிறுவனம் பழைய தரவுகளைக் கொண்டு காட்டியதும் இதுவே. மொத்தப் பணம் கையில் இல்லாத சம்பளக்காரருக்கு அந்த ஆட்சேபம் பொருந்தாது. குறை வேறோர் இடத்தில் இருக்கிறது.

எஸ்.ஐ.பி.யின் காப்பு என்று சொல்லப்படுவது விலைச் சராசரியாக்கம். ஒரு யூனிட்டின் விலை 100 ரூபாயாக இருக்கும்போது 10,000 ரூபாய்க்கு 100 யூனிட்டுகளும், 50 ரூபாயாக இறங்கும்போது 200 யூனிட்டுகளும் கிடைக்கின்றன; இரு மாதச் சந்தை விலையின் சராசரி 75 ரூபாய், வாங்கியவரின் சராசரி அடக்கவிலையோ 66 ரூபாய் 67 காசுதான். கணக்கு சரியே, ஆனால் அது புதிதாகப் போடும் தவணைக்கு மட்டுமே உரியது, ஏற்கெனவே சேர்ந்துவிட்ட கையிருப்புக்கு அதனால் எந்தக் காப்பும் இல்லை. இரண்டாம் மாதத்தில் புதிய தவணை மொத்த முதலீட்டில் பாதி. மாதம் 10,000 ரூபாய் செலுத்துபவர் மாதம் ஒரு விழுக்காடு வளர்ச்சியுடன் இருபது ஆண்டுகளை நிறைவுசெய்யும்போது, ஏறத்தாழ ஒரு கோடி ரூபாயாகியிருக்கும் தொகுப்பில் புதிய தவணை ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆண்டுதோறும் தவணையைப் பத்து விழுக்காடு உயர்த்திக்கொண்டே வந்தாலும் இறுதியாண்டின் மாதத் தவணை, தொகுப்பில் ஒரு விழுக்காட்டின் மூன்றில் ஒரு பங்கைத் தொடுவதில்லை. காப்பு தேவைப்படாத தொடக்க ஆண்டுகளில் அது நிறைய இருக்கிறது. பெருந்தொகை சேர்ந்து உண்மையிலேயே தேவைப்படும் இறுதி ஆண்டுகளில் அது இல்லாமலே போய்விடுகிறது.

இதே கணக்கை நட்டத்தின் பக்கமிருந்து பார்க்கலாம். 2020 ஜனவரியிலிருந்து மார்ச் 23 வரை நிஃப்டி ஏறத்தாழ 38 விழுக்காடு வீழ்ந்தது. அத்தகைய வீழ்ச்சி ஒருவரது முதலாம் ஆண்டின் முடிவில் நேர்ந்தால் அவர் இழப்பது 50,000 ரூபாய்க்கும் குறைவு. பல மாதத் தவணைகள் மலிவு விலையில் அதை ஈடுகட்டிவிடும். இருபதாம் ஆண்டின் முடிவில் நேர்ந்தால் இழப்பு ஏறத்தாழ 38 லட்சம். அது அவர் இருபது ஆண்டுகளில் தம் கையிலிருந்து செலுத்திய 24 லட்சத்தைவிடவும் அதிகம். எஞ்சும் 62 லட்சத்தின்படி பார்த்தால் முழுக் காலத்துக்குமான ஆண்டு ஈட்டம் எட்டரை விழுக்காட்டை ஒட்டியே அமைகிறது. 2003க்குப் பிறகு 7.1 முதல் 8.8 விழுக்காடு வரை வட்டி தந்துவந்த, அரசின் உறுதியும் வரிவிலக்கும் கொண்ட பொது வருங்கால வைப்பு நிதியின் பக்கத்தில் இதை வைத்துப் பார்த்தால், இருபதாண்டு இடரைத் தாங்கியதற்குக் கிடைத்த கூடுதல் பலன் எவ்வளவு சொற்பம் என்பது விளங்கும். அந்த ஒரு கோடியில் பாதி கடைசி ஐந்து ஆண்டுகளில்தான் சேர்கிறது என்பதால், முதல் பதினைந்து ஆண்டுகளின் கட்டுப்பாடு எவ்வளவு செம்மையாக இருந்தாலும் முடிவைத் தீர்மானிப்பது இறுதி ஆண்டுகளின் சந்தையே. வாங்கும் விலையை 240 தவணைகளாகப் பிரித்துச் சராசரியாக்கிக்கொள்ளச் சொல்லும் திட்டம், விற்கும் விலையை மட்டும் ஒரே நாளின் தயவில் விட்டுவிடுகிறது.

வீழ்ந்த சந்தை மீளும், காத்திருந்தால் போதும் என்று இதற்குப் பதில் சொல்லப்படுகிறது. 2020இன் வீழ்ச்சியிலிருந்து அதே ஆண்டு நவம்பரிலேயே நிஃப்டி மீண்டது உண்மை. அந்த வேகமான மீட்சியே ஒரு தலைமுறை முதலீட்டாளரின் நினைவில் நிலைத்துவிட்டது. ஆனால் 2008 ஜனவரியில் 21,000ஐத் தொட்ட சென்செக்ஸ், கல்லூரிச் சேர்க்கை நடக்கும் ஜூன் மாதத்தின் இறுதியில் 13,500ஐ ஒட்டியும், அக்டோபரில் ஒரு கட்டத்தில் 8,000க்குக் கீழேயும் இருந்தது. 2010 நவம்பரில் பழைய உச்சத்தை ஒரு கணம் எட்டிப் பார்த்துச் சரிந்து, 2013இன் இறுதியில்தான் அதை மீண்டும் தாண்டியது. ஆறு ஆண்டுகளை நெருங்கும் காத்திருப்பு அது. இடைப்பட்ட காலத்தின் விலைவாசி உயர்வையும் சேர்த்தால் இன்னும் நீளும். மகளின் கல்லூரிக் கட்டணமும் பணி ஓய்வின் நாளும் சந்தை மீளும்வரை தள்ளிப்போடக்கூடியவை அல்ல. எஸ்.ஐ.பி.யை இலக்குசார் சேமிப்பு என்று விற்பவர்கள், இலக்குக்கு ஒரு தேதி உண்டு என்பதை விற்கும்போது நினைவூட்டிவிட்டு, சரிவு வரும்போது மறக்கச் சொல்கிறார்கள்.

தற்காப்பின் கடைசி அரண், உருளும் கால ஈட்டம் எனப்படும் கணக்கு. ஒவ்வொரு நாளையும் தொடக்கமாகக் கொண்டு பதினைந்து ஆண்டுக் காலங்களை ஆயிரக்கணக்கில் எடுத்து, எதிலும் முதல் போனதில்லை என்று காட்டுவது அதன் முறை. இன்று தொடங்கும் பதினைந்து ஆண்டுக்கும் நாளை தொடங்கும் பதினைந்து ஆண்டுக்கும் இரு நாட்கள் நீங்கலாக எல்லா நாட்களும் பொது. ஆகவே ஆயிரம் சான்றுகளாகத் தோன்றுபவை உண்மையில் ஒரே சான்றின் மறுபதிப்புகள். சென்செக்ஸின் அடிப்படையாண்டான 1978–79இலிருந்து கணக்கிட்டால், ஒன்றின்மேல் ஒன்று படியாத பதினைந்து ஆண்டுக் காலங்கள் இந்திய வரலாற்றில் மூன்றே. மூன்று நிகழ்வுகளை வைத்து ஒரு நாட்டின் குடும்பச் சேமிப்புக்கு விதி வகுப்பது புள்ளியியல் ஆகாது. நீண்ட காலமே போதுமான காப்பு என்று நம்புபவர்கள் ஜப்பானையும் பார்க்க வேண்டும். 1989 டிசம்பரில் 38,915 புள்ளிகளில் நின்ற நிக்கேய் குறியீடு 2003 ஏப்ரலில் 7,607க்கு இறங்கியது. இருபது ஆண்டுகளில் காணாத தாழ்நிலை அது. இருபது ஆண்டுகளில் அதைவிடத் தாழ்ந்த முடிவு நிலை இல்லை என்றால், அந்த இருபது ஆண்டுகளில் மாதந்தோறும் அக்குறியீட்டை வாங்கியவரின் ஒவ்வொரு தவணையும் விற்ற விலையைவிட அதிக விலையில் வாங்கப்பட்டது என்பதே பொருள். பங்காதாயம் நீங்கலாக, 240 தவணைகளில் ஒன்றுகூட இலாபத்தில் இல்லை. அதற்குப் பிறகும் செலுத்தி 2024 பிப்ரவரியில் பழைய உச்சம் தாண்டப்படும்வரை காத்திருந்தவர் நன்றாகவே ஈட்டினார்; ஆனால் 2003இல் ஓய்வுபெற்றவருக்கு அது உதவாது. இந்தியா ஜப்பானின் வழியில் செல்லும் என்று இங்கே சொல்லப்படவில்லை. செல்லாது என்ற உறுதியை எஸ்.ஐ.பி.யின் அமைப்பு தருவதில்லை என்பதே வாதம்.

சந்தைக் கணிப்பு தேவையில்லை என்ற அடிப்படைக் கூற்றும் இங்கேதான் உடைகிறது. எஸ்.ஐ.பி. கணிப்பான்களில் தவணையையும் ஆண்டுகளையும் இட்டால் திரையில் தோன்றும் தொகை, பெரும்பாலும் 12 விழுக்காடு என்ற மாறாத வளர்ச்சியை அடிப்படையாகக் கொண்டது. அடுத்த டிசம்பரில் நிஃப்டி எங்கே இருக்கும் என்று தரகு நிறுவனங்கள் சொல்லும் ஓராண்டுக் கணிப்பை நம்ப வேண்டாம் என்று அறிவுறுத்தும் ஆலோசகரே, இருபது ஆண்டுகளுக்கு ஒரே விகிதத்தில் சந்தை வளரும் என்ற மிகப் பெரிய கணிப்பைக் கூட்டு வட்டி என்ற பெயரில் முன்வைக்கிறார். வைப்பு நிதியில் வட்டி ஆண்டுதோறும் வரவு வைக்கப்படுகிறது, வைக்கப்பட்டது திரும்பப் போவதில்லை. பங்குசார் ஃபண்டில் பத்தாண்டு வளர்ச்சி பத்து வாரங்களில் கரையலாம். இவ்விரண்டையும் ஒரே வரைபடக் கோட்டில் காட்டுவது சிறு முதலீட்டாளருக்கு இழைக்கப்படும் அநீதி. ஒரு கோடி ஆகும் என்ற கணக்கைச் செய்யத் தெரிந்தவருக்கு, அதில் பாதி கடைசி ஐந்து ஆண்டுகளில் சேர்கிறது என்ற கணக்கும் தெரியும்; அது சொல்லாமல் விடப்படுகிறது.

பரிகாரம் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியதில்லை. தேசிய ஓய்வூதியத் திட்டத்தின் தானியங்குத் தெரிவில், மிதமான பிரிவில் சேர்ந்தவரின் பணத்தில் 35 வயது வரை பாதி பங்குகளில் இருக்கும்; பின்னர் ஆண்டுதோறும் அந்த விகிதம் குறைந்து 55 வயதில் பத்து விழுக்காட்டில் வந்து நிற்கும். இலக்கு நெருங்க நெருங்கச் சேர்ந்ததைச் சிறிது சிறிதாகப் பாதுகாப்பான கடன் பத்திரங்களுக்கு நகர்த்துவதால், விற்கும் விலையும் பல ஆண்டுகளின்மேல் சராசரியாகிறது. மியூச்சுவல் ஃபண்டிலும் இதைச் செய்ய எஸ்.டி.பி. எனப்படும் சீரான மாற்றத் திட்டம் உண்டு. ஆயினும் எஸ்.ஐ.பி. பணத்தின் பெரும்பகுதி செல்லும் பங்குசார் திட்டங்களில் முதலீட்டாளரின் வயதையோ இலக்கின் தேதியையோ பார்த்துப் பங்கின் அளவைக் குறைக்கும் ஏற்பாடு இல்லை, எஸ்.டி.பி.க்கு விளம்பர இயக்கமும் இல்லை. 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த செபியின் வரம்புகளில், ஒரே அளவுள்ள பங்குசார் ஃபண்டைவிடக் கடன் ஃபண்டு வசூலிக்கக்கூடிய கட்டணம் 0.25 விழுக்காடு குறைவு. முகவருக்கு ஆண்டுதோறும் கிடைக்கும் கழிவும் கையிருப்பின் மதிப்பைக் கொண்டே கணக்கிடப்படுவதால், பங்கிலிருந்து நகரும் ஒவ்வொரு லட்சமும் நிறுவனத்துக்கும் முகவருக்கும் வருமானக் குறைவு. தொடர்ந்து செலுத்துங்கள் என்ற அறிவுரை எப்போதும் உரக்கவும், நகர்த்துங்கள் என்ற அறிவுரை அரிதாகவும் கேட்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

வரிச் சட்டமும் இதே திசையில் தள்ளுகிறது. ஓய்வூதியத் திட்டத்துக்குள் பங்கிலிருந்து கடன் பத்திரத்துக்கு நகர்ந்தால் வரி இல்லை. மியூச்சுவல் ஃபண்டில் அதே நகர்வு விற்பனையாகக் கருதப்பட்டு, 2024 ஜூலை 23 முதல், ஆண்டில் 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட நீண்டகால ஆதாயத்துக்கு 12.5 விழுக்காடு வரி விதிக்கப்படுகிறது. நகர்த்திய பின் கடன் ஃபண்டில் கிடைக்கும் ஆதாயம், 2023 ஏப்ரல் முதல் வாங்கப்பட்டவற்றுக்கு, அவரவர் வருமான வரி அடுக்கின்படி வரிக்குள்ளாகிறது. இடரைக் குறைக்க விரும்பும் நடுத்தரக் குடும்பம் இருமுறை தண்டம் கட்ட வேண்டியிருக்கிறது. விண்ணப்பப் படிவங்களோ நெடுங்காலம் இதற்கு நேர்மாறான அனுமானத்தில் அச்சிடப்பட்டன: முடிவுத் தேதியை நிரப்பாதவரின் எஸ்.ஐ.பி. 2099 டிசம்பர் வரை தொடரும் என்று கொள்ளும் வழக்கம் பல நிறுவனங்களின் படிவங்களில் இருந்தது. பணம் எந்த ஆண்டில் தேவைப்படும் என்று கேட்டு, அதற்கு ஐந்து அல்லது ஏழு ஆண்டுகளுக்கு முன்னரே கையிருப்பைப் படிப்படியாக நகர்த்தும் ஒப்புதலைத் தொடக்க நாளிலேயே பெறும் ஒரு கட்டம் அப்படிவத்தில் சேர்க்கப்படவும், அந்த நகர்வுக்கு ஓய்வூதியத் திட்டத்துக்கு உள்ள வரிச்சலுகை நீட்டிக்கப்படவும் வேண்டும் என்று செபியிடமும் நிதி அமைச்சகத்திடமும் கேட்க ஆம்ஃபிக்கு முழு இடமும் இருக்கிறது.