லே ஆந்த் காலாந்த்: 2019 பாரிஸ் மேடையேற்றம்

'லே ஆந்த் காலாந்த்' என்பது பிரெஞ்சு இசையமைப்பாளர் ழான் பிலிப் ராமோ இசையமைத்து, 1735 ஆகஸ்ட் 23-இல் பாரிசில் முதன்முதலாக மேடையேறிய பரோக் கால ஓப்பரா ஆகும். பாரிஸ் தேசிய ஓப்பரா 2019 செப்டம்பரில் இதைப் பஸ்தீல் அரங்கில் புதிய வடிவில் நிகழ்த்தியது. கிளெமாந் கோஜித்தோர் இயக்க, பிந்து தெம்பேலே நடனம் அமைத்தார். லியோனார்தோ கார்சியா அலார்கோன் தமது கப்பெல்லா மெதித்தெரானேயா இசைக்குழுவை நடத்தினார். முந்நூறு ஆண்டுப் பழமையை நெருங்கும் ஓர் ஓப்பரா இன்றைய பார்வையாளருக்கு எவ்வாறு உரியதாகிறது என்பதை ஆராய இம்மேடையேற்றம் ஏற்ற சான்றாகும்.

மூலப் படைப்பு

இது ஓப்பரா-பாலே என்னும் வகையைச் சேர்ந்தது. இவ்வகையில் தொடர்ச்சியான ஒரே கதை இராது. ஒரு முன்காட்சியும், ஒரே கருப்பொருளால் இணைந்த தனித்தனிக் கதைகளும் இருக்கும். பாட்டுக்கு இணையான இடம் ஆட்டத்துக்கும் உண்டு. ஆகவே ஆட்டத்தை மாற்றுவது படைப்பின் உயிர்நாடியைத் தொடும் செயலாகும்.

தலைப்பில் 'இந்தியாக்கள்' என்ற பொருள்படும் சொல் உள்ளது. எனினும் இந்திய மண்ணில் நிகழும் கதை ஒன்றும் இதில் இல்லை. தொலைதூர நாடுகள் அனைத்தையும் அக்கால ஐரோப்பியர் அப்பெயரால் சுட்டினர். லூயி ஃபூசெலியே எழுதிய கதைகள் இந்தியப் பெருங்கடலில் துருக்கியப் பாஷா ஆளும் ஒரு தீவு, பெரு, பாரசீகம், வட அமெரிக்கக் காடு ஆகிய இடங்களில் நிகழ்கின்றன.

1736-இல் சேர்க்கப்பட்ட இறுதிக் கதையின் பெயர் 'காட்டுமிராண்டிகள்'. இதற்கொரு முன்வரலாறு உண்டு. 1725-இல் வட அமெரிக்கப் பழங்குடியினர் இருவர் பாரிஸ் நாடக அரங்கு ஒன்றில் ஆடினர். அதைக் கண்ட ராமோ, ஹார்ப்சிகார்ட் என்னும் விசைக்கருவிக்காக இதே பெயரில் ஒரு பாடல் இயற்றினார். அந்த மெட்டையே பின்னர் இக்கதையின் சமாதானச் சடங்குக்குப் பயன்படுத்தினார். ஐரோப்பியப் படையிடம் தோற்ற மக்கள், வென்றவர்களோடு மகிழ்ந்து ஆடுவதாகக் கதை முடிகிறது. இம்மகிழ்ச்சியை எழுதியவர்கள் வென்றோர் பக்கத்தினர் என்பதை இன்றைய பார்வையாளர் மறக்க இயலாது.

முந்தைய மேடையேற்றம்

இதே நிறுவனம் 1999-இல் ஆந்த்ரே செர்பான் இயக்கத்தில் இந்த ஓப்பராவை நிகழ்த்தியது. வில்லியம் கிறிஸ்டி இசையை நடத்தினார். ஒளிப்பதிவாகவும் வெளிவந்த அது, பழங்குடியினர் ஆட்டத்தை நகைச்சுவையாகக் கையாண்டது. பார்க்க இனிமையானதுதான். ஆயினும் எல்லாவற்றையும் விளையாட்டாக்கியதால் தலைப்பிலேயே உள்ள இழிவு கேள்விக்கு உள்ளாகாமல் தப்பிவிட்டது.

2019-இன் புதுமை

கோஜித்தோர் அடிப்படையில் திரைப்பட இயக்குநரும் காட்சிக்கலைஞரும் ஆவார். 2017-இல் இந்தச் சமாதானச் சடங்கின் இசைக்குக் கிரம்ப் நடனக் கலைஞர்களை ஆடவைத்து ஒரு குறும்படம் எடுத்தார். முழு ஓப்பராவையும் இயக்கும் வாய்ப்பு அதன் பின்னர் வந்தது.

கிரம்ப், லாஸ் ஏஞ்சல்சின் கறுப்பின இளைஞர்களிடையே 2000-களின் தொடக்கத்தில் உருவான தெருநடனம். வட்டமாகச் சூழ்ந்து நிற்போர் குரல் கொடுத்து ஊக்க, நடுவில் ஒருவர் ஆடுவார். காலை ஓங்கி மிதித்தல், மார்பை உந்துதல், கையை வீசுதல் ஆகியவை இதன் அசைவுகள். பார்ப்பதற்குச் சண்டை போலத் தோன்றினாலும் எவரையும் தாக்காமல் சினத்தை வெளியேற்றும் கலை இது.

இறுதிக் காட்சியில் இது வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது. காரணம் இசையின் அமைப்பிலேயே உள்ளது. 'ரோந்தோ' எனப்படும் இவ்வடிவில், நம் பல்லவியைப் போல, முதற்பகுதி திரும்பத் திரும்ப வருகிறது. தாள அழுத்தம் உறுதியானது. ஒவ்வொரு முறை முதற்பகுதி திரும்பும்போதும் வட்டத்தின் வேகம் ஏறுகிறது. தோற்றவர்கள் வென்றவர்களை மகிழ்விக்கும் ஆட்டமாக எழுதப்பட்ட ஒன்று, தங்கள் இருப்பைத் தாங்களே அறிவிக்கும் ஆட்டமாக மாறுகிறது. இதற்காக இசையில் ஒரு சுரமும் மாற்றப்படவில்லை.

குறைகள்

பிற பகுதிகளில் இந்த அளவு பொருத்தம் அமையவில்லை. துருக்கியக் கதையில் கப்பல் உடைந்து கரைசேர்ந்தவர்கள் இன்றைய அகதிகளாகக் காட்டப்படுகின்றனர். நோக்கம் நல்லது. ஆனால் அக்கதையின் மையம் அகதிகள் அல்லர். தான் விரும்பிய அடிமைப் பெண்ணை அவள் காதலனோடு சேர்த்து விடுவிக்கும் பாஷாவின் பெருந்தன்மையே மையம். செய்தித்தாளில் கண்ட காட்சி மேடைக்கு வருகிறதே தவிர, பாட்டுக்கும் அதற்கும் உரையாடல் நிகழவில்லை. உடையை மாற்றுவது மட்டுமே பொருத்தப்பாடு ஆகிவிடாது என்பதற்கு இதுவே சான்று.

மற்றொரு சிக்கல் ஆழமானது. பாடியவர்கள் சபின் தெவியெல், ஃப்ளோரியான் செம்பே முதலான ஓப்பராத் தனிப்பாடகர்கள். ஆடியவர்கள் கிரம்ப், பிரேக், வோகிங் முதலிய தெருநடனங்களில் வல்லவர்கள். குரல் ஒரு சாராரிடமும் உடல் மற்றொரு சாராரிடமும் இருக்கின்றன. ஐரோப்பியர் பேச, பிறர் ஆடிக்காட்ட வேண்டும் என்பதே 1725-இன் நிலை. அந்தப் பழைய பங்கீட்டின் நிழல் இங்கும் முற்றாக நீங்கவில்லை. ஆட்ட அமைப்பைத் தெம்பேலேயிடம் ஒப்படைத்தது அதைப் பெருமளவு குறைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். பிரான்சின் ஹிப்ஹாப் நடன முன்னோடிகளுள் ஒருவரான அவர், தெருநடனத்தை ஓப்பராவுக்கு அலங்காரமாகத் தரவில்லை. வட்டம், போட்டி, சூழ நிற்போர் குரல் என அதன் சொந்த ஒழுங்கோடு கொண்டுவந்தார்.

மதிப்பீடு

பரோக் ஓப்பராவைப் புதுப்பிப்பது துரோகம் என்பார் கூற்று ஏற்கத்தக்கதன்று. 1735-இன் மேடையிலும் பெருவியரும் பாரசீகரும் அக்காலப் பிரெஞ்சு மேடை மரபுக்கு ஏற்ற உடையிலேயே தோன்றினர். அப்படைப்பு தோன்றும்போதே தன் காலத்தைத்தான் காட்டியது. அதேவேளை, எந்தப் புதுமையும் போதும் என்பதும் சரியன்று. படைப்புக்குள் ஏற்கெனவே புதைந்திருக்கும் கேள்வியைத் தோண்டி எடுக்கும் புதுமையே நிலைக்கும். கோஜித்தோரின் மேடையேற்றத்தில் அகதிக் காட்சி மறக்கப்படலாம். அந்த இறுதி வட்டம் மறக்கப்படாது. 1725-இல் பாரிஸ் மேடையில் ஆடிய அந்த இருவரைப் பிறர் வேடிக்கை பார்த்தனர். 2019-இல் ஆடியவர்கள் பார்வையாளரை நேருக்கு நேர் திரும்பிப் பார்த்தனர்.