'ராங்' என்பது வெறும் தவறா?

ராங் நம்பர், ராங் ரூட்டு என்று நாம தினமும் சொல்ற சொல்தான். ஆனால் ஆங்கிலத்தில் 'ராங்' வினைச்சொல்லாகவும் வரும். 'ஹீ ராங்டு மீ' என்றால், அவன் எனக்கு அநியாயம் செய்தான் என்று பொருள். இதைத் தமிழில் 'எனக்குத் தவறிழைத்தான்' என்று எழுதினால் இடிக்கிறது.

ஏன்? தவறுதல் என்றால் நழுவுதல். கை தவறி டம்ளர் விழும், கால் தவறிப் பள்ளத்தில் விழுவோம். வேண்டுமென்றே செய்வது இல்லை. அடுத்தவன் நிலத்தைப் பிடுங்கியவனைத் 'தவறிழைத்தான்' என்றால், அந்தச் சொல்லிலேயே பாதி மன்னிப்பு கிடைச்சுடுது.

'ராங்' வந்த வழி வேறு. ஸ்காண்டிநேவியர் பேசிய பழைய நார்ஸ் மொழியில் அதன் மூலச்சொல்லுக்குக் 'கோணலானது' என்று பொருள். ஆங்கிலச் சட்டத்தில் வரும் 'டார்ட்' லத்தீனில் 'முறுக்கப்பட்டது'. 'டார்ச்சர்' சொல்லுக்கும் அதே வேர்தான். நேராக இருந்ததை யாரோ வளைத்திருக்கிறார்கள் என்பதே இவற்றிலுள்ள படம்.

அதே படம் தமிழிலும் இருக்கு, பாருங்க. கொடுவாள் என்றால் வளைந்த வாள். செங்கோலுக்கு எதிர், வளைந்த கொடுங்கோல். கொடுமைக்கும் வளைவு என்ற பழைய பொருள் உண்டு.

இன்று 'கொடுமை' கனமான சொல், எல்லா இடத்துக்கும் பொருந்தாதுதான். அங்கே 'அநியாயம் செய்தான்' என்றே எழுதலாமே. பாதிக்கப்பட்டவர் வைத்த குற்றச்சாட்டை மொழிபெயர்ப்பவர் ஏன் குறைக்கணும்?