மூன்று மில்லிமீற்றர் கூரை

1949ஆம் ஆண்டு மேர்க்குரிக் காரின் கூரையை மூன்று அங்குலம் தாழ்த்துவது அமெரிக்கக் கராஜ்களில் பழகிப்போன வேலை. அதே காரின் 1/25 அளவு பிளாஸ்டிக் மொடலில் அந்த மூன்று அங்குலம் மூன்று மில்லிமீற்றராகச் சுருங்கிவிடும். அறுக்கும் அலகின் தடிப்பே கால் மில்லிமீற்றர். நிஜக் காரின் அளவுக்குப் பெருப்பித்தால் அது ஆறு மில்லிமீற்றரைத் தாண்டும். ஆகவே கோடு கீறினால் மட்டும் போதாது, கோட்டின் எந்தப் பக்கமாக அறுப்பது என்பதையும் முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். அறுத்து முடித்த பிறகுதான் பெரிய சிக்கல் தலைகாட்டும். மேர்க்குரியின் கண்ணாடித் தூண்கள் உள்நோக்கிச் சாய்ந்தவை. நடுவில் ஒரு துண்டை எடுத்ததும் மேலே உள்ள கூரை கீழே நிற்கும் தூண்களை எட்டாது. கூரையைக் குறுக்கே பிளந்து இடையில் துண்டு வைத்து நீட்ட வேண்டும், அல்லது தூண்களை இன்னும் சாய்க்க வேண்டும். சாய்த்தால் கதவின் மேல்விளிம்பு ஒத்துவராது. 1932ஆம் ஆண்டு போர்ட்டில் தூண்கள் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்பதால் இந்தத் தொல்லை மிகக் குறைவு. புதிதாகக் கை வைப்பவர்கள் முப்பத்திரண்டைத் தேடிப் போவதற்கு அதன் அழகு மட்டும் காரணமில்லை.

வேகத்துக்காக வெட்டி மாற்றப்பட்ட பழைய கார்தான் ஹொட் ரொட்; அதன் மொடல் கட்டுவதை நான் இந்த வெட்டை வைத்தே எடைபோடுகிறேன். ஒரு வெட்டு, தொடாத ஐந்து பாகங்களையும் மாற்றச் சொல்லி நிற்கும். உடற்பகுதியைச் சட்டத்தின்மேல் நான்கு மில்லிமீற்றர் இறக்கிப் பாருங்கள். உள்ளே தரை மேலெழும். ஆசனம் தாழ வேண்டும். ஸ்டியரிங் தண்டின் சாய்வு மாற வேண்டும். எஞ்சினின் பின்புறம் தடுப்புச் சுவரில் முட்டும். ஒவ்வொன்றுக்கும் விடை தேடுபவர், காரை ஓட்டாமலே காரைப் படித்துவிடுகிறார். விடை தேடாமல் எஞ்சினின் பின்பாதியை அறுத்து எறிந்துவிட்டு, பொனெட்டை ஒட்டி மூடிவிடுகிறவரும் இருக்கிறார். கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துவிட்டால் இரண்டும் ஒரே கார்தான். இந்தக் கலையின் பலம், பலவீனம் இரண்டுக்கும் வேர் இந்த இடத்தில் இருக்கிறது.

மூலக் கார்கள் பஞ்சத்தில் பிறந்தவை. 1932இல் போர்ட் நிறுவனம் சாதாரண மனிதர் வாங்கக்கூடிய விலையில் 65 குதிரைவலு வி-8 எஞ்சினைச் சந்தைக்கு விட்டது. சில வருடங்களில் அந்த எஞ்சின் பூட்டிய கார்கள் பழசாகி மலிந்தன. தென் கலிபோர்னிய இளைஞர்கள் அவற்றை வாங்கி, மட்காட்டைக் கழற்றி, பாரத்தைக் குறைத்து, முரொக் போன்ற வறண்ட ஏரித் தரைகளில் வேகம் பார்த்தார்கள். கழற்றப்பட்ட ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. 1948 ஜனவரியில் 'ஹொட் ரொட்' சஞ்சிகை வெளிவந்தபோது இது ஒரு நாட்டளாவிய மோகமாக மாறத் தொடங்கியிருந்தது. காரணம் மெல்லப் பின்னுக்குப் போய்த் தோற்றம் முன்னுக்கு வந்தது. மொடல்கள் இந்த இரண்டாம் கட்டத்தில்தான் பிறந்தன.

கார் விற்பனையாளர்களுக்கு விளம்பர மொடல்கள் செய்துகொடுத்துவந்த ஏ.எம்.ரி. நிறுவனம், 1958இல் ஒரே பெட்டிக்குள் மூன்று விதமாகக் கட்டக்கூடிய பாகங்களைப் போட்டு விற்கத் தொடங்கியது. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே கட்டலாம், அலங்காரக் காராக மாற்றலாம், பந்தயக் காராக்கலாம். சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்க வயதில்லாத பையனின் கையில் ஒரு கராஜையே கொடுத்த கெட்டித்தனம் அது. ஆனால் எந்த மாற்றம் செய்யலாம் என்பதைத் தொழிற்சாலையே தீர்மானித்து, அச்சில் வார்த்து, பெட்டிக்குள் வைத்திருந்தது. ஆயிரக்கணக்கான வீடுகளில் ஒரே 'தனித்துவமான' கார் உருவானது. ரெவெல் நிறுவனம் எட் ரொத் என்ற கலைஞனைப் பிடித்தது. கண்ணாடிக்குமிழிக் கூரையும் ஒற்றைக் கைப்பிடியில் எல்லாக் கட்டுப்பாடும் கொண்ட அவருடைய 'பீட்னிக் பண்டிட்' கார் 1961இல் உருவானது. அதன் பிளாஸ்டிக் மொடல் 1963இல் கடைக்கு வந்தது. ஒருவனுடைய பித்து எல்லோருக்கும் பொதுவான பெட்டியாயிற்று. இதைக் குறையாக மட்டும் சொல்ல எனக்கு மனமில்லை. அந்தப் பெட்டிகள் இல்லாவிட்டால், ஏரித் தரையைப் பார்த்தே இராத பிள்ளைகள் ஒரு காரின் சட்டம், அச்சு, எஞ்சின் எல்லாம் எந்த ஒழுங்கில் பொருந்துகின்றன என்பதை அறிந்திருக்க மாட்டார்கள்.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் யோசிக்கவைப்பது 'றெட் பேரன்'. டொம் டானியல் வரைந்து, மொனோகிராம் நிறுவனம் 1968இல் வெளியிட்ட மொடல் அது. முதலாம் உலகப் போர்க்கால ஜேர்மன் தலைக்கவசம் ஒன்றே கூரை; முன்னால் பழைய விமான எஞ்சின். அப்படியொரு கார் உலகில் எங்கும் இருக்கவில்லை. மொடல் அள்ளுகொள்ளையாக விற்றதைப் பார்த்து, கண்காட்சிக்காக முழு அளவில் அதைக் கட்டும் வேலை சக் மில்லர் என்பவரிடம் போனது. அவர் மொடலைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கு ஏற்றபடி இரும்பை வளைத்தார். அப்போது விமான எஞ்சின் போய்விட்டது; அந்த இடத்துக்கு ஆறு சிலிண்டர் பொன்டியக் எஞ்சின் வந்தது.

நிஜக் காரைச் சுருக்கினால் மொடல் என்று நாம் நினைத்திருக்க, இங்கே மொடலைப் பெருப்பித்துக் கார் செய்திருக்கிறார்கள். பெருப்பித்தபோது எது தாங்கியது, எது தாங்கவில்லை என்பதுதான் எனக்கு வேண்டிய பாடம். உருவமும் நகைச்சுவையும் அப்படியே தாங்கின. எஞ்சின் தாங்கவில்லை. மொடல் ஒருபோதும் சூடாவதில்லை, எண்ணெய் கசிவதில்லை, மேடு ஏறவேண்டியதில்லை. அந்தச் சலுகையைக் கற்பனைக்குச் செலவழித்தால் றெட் பேரன் கிடைக்கும். சோம்பலுக்குச் செலவழித்தால், திரும்பவே முடியாத முன்சக்கரங்களோடும் ரேடியேட்டருக்கு இடமில்லாத மூக்கோடும் ஒரு பளபளப்பான பொம்மை கிடைக்கும். போட்டிகளில் பரிசு வாங்கும் கார்களின் படங்களை உற்றுப் பார்த்தால் இரண்டாம் வகையும் கணிசமாக இருக்கிறது.

பளபளப்பைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் இந்தக் கலையின் மிகப் பரவலான நோய் அதுதான். தொழிற்சாலைக் காரின் வண்ணப்பூச்சு எல்லாப் படைகளும் சேர்ந்து ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர். அதை இருபத்தைந்தால் வகுத்தால் 0.004. எந்த ஸ்ப்ரேயாலும் அவ்வளவு மெல்லிதாக மூட முடியாது. பிரைமர், நிறம், மேற்பூச்சு என்று மொடலில் 0.05 மில்லிமீற்றர் ஏறினாலே, நிஜக் காரில் ஒன்றேகால் மில்லிமீற்றர் தடிப்புக்குப் பெயின்ட் அப்பியதற்குச் சமம். கதவின் இடைவெளிகள் நிரம்பிவிடும். விளிம்புகள் சப்பின மிட்டாய் போல் மழுங்கிவிடும். மினுங்கும் துகள் கலந்த பெயின்ட் இன்னும் மோசம்: ஒவ்வொரு துகளும் நிஜ அளவில் கண்ணை உறுத்தும் பருமனுக்குத் தெரியும். ஆனாலும் கட்டுபவர்கள் பூச்சின்மேல் பூச்சு அடித்துத் தேய்த்துக்கொண்டே போகிறார்கள், கைத்தொலைபேசிப் படத்தில் ஒளி நன்றாக விழுகிறது என்பதற்காக. கண்ணை ஏமாற்றுவது மொடல்காரரின் தொழில்தான், மறுக்கவில்லை. ஆனால் எந்த அளவில் பார்க்கும் கண்ணை என்று அவர் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நானிருக்கும் ஆலையடிவேம்பில் இதைப் பற்றி எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகப் படலாம். சாகாமம் வீதியில் போர்ட் 32 ஓடுவதில்லை. திருக்கோவில் ஆடி அமாவாசைக் கடைகளில் பிளாஸ்டிக் ஜீப்பும் தீப்பெட்டி அளவு இரும்புக் கார்களும்தான் தொங்கும். முப்பது டொலர் பெறுமதியான ஒரு மொடல் பெட்டி, 2022 மார்ச்சுக்கு முன் சுமார் ஆறாயிரம் ரூபாய். இரண்டு மாதத்தில் அதே பெட்டி பத்தாயிரத்தைத் தாண்டியது, அனுப்பும் செலவும் வரியும் தனி. பெற்றோல் வரிசையில் நாள் கணக்கில் நின்ற காலத்தில் பிளாஸ்டிக் வி-8ஐ யார் தேடுவார்?

ஆனால் வண்டியை வெட்டி மாற்றும் புத்தி நமக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்துத் தட்டிவான், பழைய சேசியின்மேல் மரத்தால் உடல் கட்டி, பின்னால் தட்டி தொங்கவிட்டு மரக்கறி மூட்டை ஏற்றிய வண்டி. 1990இல் எரிபொருள் தடை வந்தபிறகு அங்கே ஏ-40 கார்களும் மொரிஸ் மைனர்களும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. நம் வயல்களில் லேண்ட்மாஸ்டர் என்ற இரண்டு சக்கர உழவு இயந்திரத்துக்குப் பின்னால் பெட்டியைப் பூட்டி, நெல்லையும் மனிதரையும் ஏற்றி, பனங்காட்டுக்கும் கோளாவிலுக்கும் போனவர்கள் எத்தனை பேர்! கழற்றியதற்கும் பூட்டியதற்கும் காரணம் இருந்தது. முரொக் தரையில் வேகம் தேடிய பையன்களுக்கும் இவர்களுக்கும் இடையே உறவு கொண்டாட எனக்குத் தயக்கமில்லை, தேடியது வேறு என்றாலும்.

மொடல் பக்கத்திலும் நமக்கு ஒரு மரபு உண்டு. டின்மீன் டின்னை விரித்து லொறிப் பெட்டி, தேய்ந்த பாட்டாச் செருப்பை வட்டமாக வெட்டிச் சக்கரம், குடைக்கம்பியில் அச்சு. அதிலிருந்து வளர்ந்தவர்கள்தான் இன்று நாடெங்கும் போம்போர்டிலும் பிளாஸ்டிக் தகட்டிலும் லேலண்ட் பஸ்களை அச்சொட்டாகக் கட்டுகிறார்கள். பெட்டி வாங்காமல், அச்சு இல்லாமல், ஒரு பஸ்ஸை வீதியில் பார்த்துப் படமெடுத்து அளந்து ஒன்றுமில்லாததிலிருந்து எழுப்புவது, ஏ.எம்.ரி. பெட்டியைத் திறந்து ஒட்டுவதைவிட எத்தனையோ மடங்கு கடினம். இவர்கள்மேல் எனக்குள்ள மதிப்பு பெரிது. அதனால்தான் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது: இவர்கள் வெட்டத் துணிவதில்லை. பஸ்ஸின் ஸ்டிக்கர் எழுத்து, பின்கண்ணாடி வாசகம், சாரதிக்கு முன் தொங்கும் மாலை, எல்லாம் பிசகாமல் வரும். கவிழ்த்துப் பார்த்தால் அடியில் வெறும் தகடு. எஞ்சின் இல்லை, வில்லுத்தகடு இல்லை, சைலன்சர் குழாய் எந்த வழியாகப் போகிறது என்ற எண்ணமும் இல்லை. பார்த்ததைப் பிரதி செய்வதோடு கை நின்றுவிடுகிறது. இல்லாத ஒரு பஸ்ஸை, ஒரு ஓட்டோவை, மனத்தில் கட்டிப் பார்க்கும் துணிச்சலை இன்னும் காணவில்லை.

இப்படிப் பார்த்தால் இரண்டு மரபுகளும் ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம் நிற்கின்றன. ஹொட் ரொட் மொடல்காரருக்கு வெட்டத் துணிவு இருக்கிறது, பெட்டியைவிட்டு விலகத் தெரியவில்லை. இப்போது முப்பரிமாண அச்சில் எஞ்சின் முதல் டயர்வரை தனித்தனியே விலைக்குக் கிடைப்பதால் அந்தச் சார்பு கூடியிருக்கிறது. செய்ததைவிடத் தேர்ந்தெடுத்து வாங்கியதே அதிகமாகிவிட்ட கார்கள் ஏராளம். நம்முடைய பஸ் மொடல்காரருக்குப் பெட்டி தேவையில்லை, கற்பனைக்கு அவர் தனக்கு அனுமதி தரவில்லை. 2025 ஜனவரியில் பொலிஸார் பஸ்களிலும் ஓட்டோக்களிலும் பூட்டியிருந்த மேலதிகச் சோடனைகளைக் கழற்றவைக்கும் நடவடிக்கையில் இறங்கியபோது எழுந்த சர்ச்சை நினைவிருக்கும். வீதியில் பாதுகாப்புக் கேள்வி நியாயமானது. முன்னால் துருத்தும் கம்பி நடந்து போகிறவரைக் குத்தும். மொடலுக்கு அந்தச் சட்டம் கிடையாது. வீதியில் தடுக்கப்படுவதைக் கட்டிப் பார்க்க இதைவிட நல்ல இடம் வேறில்லை.

சில நடைமுறைக் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். தின்னரும் பிளாஸ்டிக் பசையும் ஆவியாகும் அறையில் யன்னலை அடைத்துக்கொண்டு வேலை செய்வது தலைவலியோடு நிற்காது. பிள்ளைகள் படுக்கும் அறையில் கூடவே கூடாது. சுப்பர் குளூவின்மேல் அப்பச்சோடாத் தூளைத் தூவினால் நொடியில் கல்லாகும், இடைவெளி அடைக்க மலிவான வழி. ஆனால் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிட அது கடினமானது, ஆறவிட்டுத் தேய்த்தால் பிளாஸ்டிக் குழியும், அது மேடாக நிற்கும். தேய்ப்பதை உடனே முடித்துவிட வேண்டும். மீண்டும் வெளிவராத பழைய பெட்டியை வெட்டலாமா என்று ஒரு வாதம் சேகரிப்பாளர் மத்தியில் ஓய்வதே இல்லை. எனக்கு அதில் அக்கறை குறைவு. கட்டப்படாமல் இருப்பதற்காக யாரும் பெட்டி செய்யவில்லை.

எடையைப் பற்றி ஒரு கணக்கு மட்டும் மீதி. 1/25 அளவில் நீளம் இருபத்தைந்தில் ஒன்றாகும்போது எடை 15,625இல் ஒன்றாகும். ஆயிரம் கிலோ கார் 64 கிராம். ஆகவே மொடலின் எந்தப் பாகமும் பாரத்தால் வளையாது, எவ்வளவு மெல்லிய சட்டத்திலும் எவ்வளவு பெரிய எஞ்சினும் நிற்கும். எடை உதவிக்கு வராதபோது கட்டுபவர்தான் அதை மனத்தில் சுமக்க வேண்டும். லேண்ட்மாஸ்டர் ஒன்றை 1/25இல் ஹொட் ரொட்டாக்க நினைப்பவர் இதில் உடனே மாட்டிக்கொள்வார். ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சினை எடுத்துவிட்டு வி-8 வைக்கலாம், ஒட்டினால் ஒட்டும். ஆனால் பெல்ட்டு அந்த இழுவையைத் தாங்குமா, இரண்டு சக்கரம் மட்டும் உள்ள முன்பாதி மூக்கு குத்தாமல் இருக்கப் பின்பெட்டியின் கொக்கி எங்கே வர வேண்டும், அவ்வளவு நீளக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பிரேக்கை எந்தக் காலால் மிதிப்பது? ரேடியேட்டரைக் கைப்பிடிகளுக்கு இடையில் வைத்தால் ஓட்டுபவரின் முகத்தில் அனல் அடிக்கும். முன்னால் வைத்தால் வரம்பில் முதலில் இடிபடுவது அதுதான்.