அடித்தந்தியின் ஆட்சி: ஆசிய மெட்டல் இசையும் ஒரு தமிழ் பேஸ் கலைஞரும்

இன்னிசைக் கச்சேரி மேடையில் பேஸ் கிட்டார் வாசிப்பவர் எப்போதும் பின்வரிசை ஆள். விருதுநகர் பங்குனிப் பொங்கலானாலும் சிவகாசித் திருவிழாவானாலும் கைதட்டல் பாடகருக்குப் போகும், மிச்சம் இருந்தால் கீபோர்டுக்கும் டிரம்ஸுக்கும் போகும். பேஸ் நின்றுபோனால்தான் ஏதோ குறைகிறதென்று கூட்டத்துக்குத் தெரியும். உலக அளவில் இந்த வரிசையைப் பலமுறை புரட்டிப்போட்ட இசைவகை ஹெவி மெட்டல். அந்த வகையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்துவரும் ஒரு தமிழ் பேஸ் கலைஞரைத் தமிழ் இசை எழுத்து அனேகமாகக் கண்டுகொள்ளவே இல்லை. அவரை அவருக்குரிய வரிசையில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பின்வரிசைக்கு வந்த அதிகாரம்

நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. காதுக்குக் கேட்பதற்கு முன்பே நெஞ்சுக்கூட்டில் உணரப்படும் ஒலி அது. 1951இல் லியோ ஃபெண்டர் மின் பேஸ் கிட்டாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, ஆளுயர டபுள் பேஸைத் தூக்கிச் சுமக்கும் பாடு தீர்ந்தது என்பதே பெரிய லாபமாகத் தெரிந்தது. அந்தக் கருவி அதிகாரத்துக்கு வர இருபதாண்டு ஆயிற்று.

1970இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் என்ற ஆலைநகரத்திலிருந்து பிளாக் சாபத் என்ற குழு வந்தது. அதன் கிட்டார் கலைஞர் டோனி அயோமி, தகட்டு ஆலை எந்திரத்தில் இரு விரல்களின் நுனியை இழந்தவர். வலியைக் குறைக்கத் தந்திகளைத் தளர்த்தினார்; சுருதி இறங்கியது, ஒலி கனத்தது. பட்டாசு ஆலையிலும் அச்சகத்திலும் விரல் பறிகொடுத்தவர்களை அன்றாடம் பார்க்கும் சிவகாசி வட்டாரத்துக்கு இந்த வரலாறு அந்நியமாகப் படாது. மெட்டலின் இருண்ட ஒலிக்குப் பின்னால் ஒரு தொழிலாளியின் காயம் இருக்கிறது.

அக்குழுவின் பாடல் வரிகளில் பெரும்பகுதியை எழுதியவர் பேஸ் கலைஞர் கீஸர் பட்லர். 1975இல் அயர்ன் மெய்டனைத் தொடங்கி இன்றுவரை அதன் முதன்மைப் பாடலாசிரியராக இருக்கும் ஸ்டீவ் ஹாரிஸும் பேஸ் கலைஞரே. அதே ஆண்டு மோட்டார்ஹெட்டைத் தொடங்கிய லெம்மி, பேஸ் வாசித்துக்கொண்டே பாடியவர். தாளத்துக்கும் சுருதிக்கும் நடுவே நிற்பவர் பாடலின் அமைப்பை முழுதாகப் பார்க்கிறார். எழுதும் உரிமை அவர் கைக்கு வந்ததில் வியப்பில்லை.

ஜப்பானின் இரண்டு பேஸ் கலைஞர்கள்

ஆசியாவில் மெட்டலை முதலில் பெருந்தொழிலாக ஆக்கியது ஜப்பான். 1981இல் உருவான லவுட்னெஸ் குழுவில் கிட்டார் அகிரா தகாசாகி, பாட்டு மினோரு நீஹாரா, டிரம்ஸ் முனேதாகா ஹிகுச்சி, பேஸ் மசயோஷி யமாஷிதா. 1985இல் வந்த ‘தண்டர் இன் தி ஈஸ்ட்’ தொகுப்பு அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 74ஆம் இடம்வரை ஏறியது. ஒரு ஜப்பானிய மெட்டல் குழுவுக்கு அன்று அது நினைத்துப் பார்க்க முடியாத உயரம்.

அந்த உயரத்துக்கு ஒரு விலை இருந்தது. ஆங்கிலத்தில் பாடினார்கள், ஒரு கட்டத்தில் நீஹாராவை விலக்கிவிட்டு மைக் வெசேரா என்ற அமெரிக்கரைப் பாடகராக்கினார்கள். அமெரிக்கக் கதவு அதனால் அகலத் திறந்துவிடவில்லை. 1990களின் தொடக்கத்தில் யமாஷிதாவும் வெளியேறினார்.

அந்த இடத்துக்கு வந்தவர் தாய்ஜி சவாடா. 1966இல் சிபா மாநிலத்தில் பிறந்து, எக்ஸ் குழுவின் பேஸ் கலைஞராகப் புகழ்பெற்றவர். பியானோவும் வேகமும் ஒப்பனையும் கலந்த அக்குழுவின் ‘புளூ பிளட்’ (1989), ‘ஜெலஸி’ (1991) தொகுப்புகளில் அவருடைய பேஸ் தனிக்குரலாக ஒலிக்கிறது. 1992 ஜனவரியில் டோக்கியோ டோம் நிகழ்ச்சியோடு எக்ஸிலிருந்து விலகி, அதே ஆண்டு லவுட்னெஸ் குழுவின் தொகுப்பில் வாசித்தார். அங்கும் நிலைக்கவில்லை. 2011இல் சைப்பான் தீவில் 45 வயதில் இறந்தார். யமாஷிதாவோ புத்தாயிரத்தின் தொடக்கத்தில் பழைய நால்வரோடு மீண்டும் சேர்ந்து, இழந்த இடத்தைத் திரும்பப் பெற்றார். இருவரில் திறமையால் வியக்கவைப்பவர் சவாடா, நிதானத்தால் நின்றவர் யமாஷிதா. ஆனால் எதைப் பாடுவது, எந்த மொழியில் பாடுவது என்ற முடிவு இருவர் கையிலும் இருக்கவில்லை.

தீப்பெட்டி சொல்லும் பாடம்

வெளியிலிருந்து வந்த ஒன்று எப்போது நம்முடையதாகிறது என்ற கேள்விக்கு விருதுநகர் மாவட்டத்திடமே ஒரு பழைய விடை உண்டு. முதல் உலகப்போர்க் காலத்தில் இந்தியச் சந்தையை நிறைத்தவை ஜப்பான் தீப்பெட்டிகள். கல்கத்தாவில் குடியேறிய ஜப்பானியக் குடும்பங்கள் எளிய எந்திரங்களைக் கொண்டு தீக்குச்சி செய்தன. உள்ளூர்க்காரர்கள் அதைக் கற்றுக்கொண்டார்கள். 1922இல் சிவகாசியிலிருந்து அங்கே போன அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொழிலைக் கற்றுத் திரும்பி வந்து தீப்பெட்டி ஆலை தொடங்கினார்கள். அதிலிருந்து வண்ணத் தீப்பெட்டி, பட்டாசு, லேபிள் அச்சடிக்கப் போய் அச்சுத்தொழில் என்று ஒரு ஊரே வளர்ந்தது. தொழில்நுட்பம் இரவல்; கச்சாப்பொருளையும் கூலியையும் சந்தையையும் தீர்மானித்தது உள்ளூர். லவுட்னெஸ் அமெரிக்காவில் செய்யத் தவறியதும், சிங்கப்பூரில் ஒரு தமிழர் செய்து பார்த்ததும் இந்த இடத்தில்தான் பிரிகின்றன.

சிங்கப்பூர் கதிர்

1992இல் சிங்கப்பூரில் கதிர், சிவா, பாலா ஆகிய மூவர் ருத்ரா என்ற குழுவைத் தொடங்கினார்கள். பேஸும் பாட்டும் கதிர். 1970களில் நீள்முடி வைத்த ஆண்களை அலுவலகங்களில் கடைசியாகக் கவனிப்போம் என்று பலகை மாட்டிய நகரம் அது. அங்கே மெட்டலின் கடுமையான கிளையான டெத் மெட்டல் வாசிப்பதே ஒரு துணிவு. அதை வாசித்த தமிழ் இளைஞர்கள் சிறுபான்மைக்குள் சிறுபான்மையாக நின்றார்கள். இடையில் கலைந்து மீண்டும் கூடிய குழுவின் முதல் தொகுப்பு 1998இல் வந்தது. தொடர்ந்து ‘தி ஆர்யன் குருசேட்’ (2001), ‘குருக்ஷேத்ரா’ (2003), 2005, 2009, 2011 ஆண்டுகளில் வந்த ‘பிரம்மவித்யா’ மூன்று பகுதிகள், ‘ரித’ (2013), ‘எனிமி ஆஃப் டுவாலிட்டி’ (2016), ‘எய்ட் மஹாவித்யாஸ்’ (2022).

தொகுப்புப் பெயர்களே பொருளைச் சொல்லிவிடும். மேலை மெட்டலின் வழக்கமான சாத்தானையும் சவத்தையும் ஒதுக்கிவிட்டு, உபநிடதமும் வேதாந்தமும் பேசுகின்றன பாடல்கள். ஆங்கில வரிகளுக்கு நடுவே சமஸ்கிருத மந்திரங்கள் வருகின்றன. ‘வேத மெட்டல்’ என்று இவ்வகைக்குப் பெயரே ஏற்பட்டது. சிங்கப்பூர் இசை ஆய்வாளர் யூஜின் தைரியநாதன் 2009இல் இதையும் தென்னிந்தியச் சமூக அடையாளத்தையும் இணைத்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். கதிர் இன்னொரு பக்கம் மனவிழிப்புப் பயிற்சி கற்பிப்பவராகவும் நூலாசிரியராகவும் அறியப்படுகிறார். பட்லரும் ஹாரிஸும் லெம்மியும் பெற்ற அதிகாரம் இங்கே ஒருவரிடமே குவிந்திருக்கிறது: அடித்தந்தியும் அவருடையது, சொல்லும் அவருடையது, தத்துவமும் அவருடையது. சவாடாவுக்குக் கிட்டாத நிலை இது.

தமிழ் எங்கே?

பாராட்டோடு நிறுத்திக்கொள்ள முடியாது. 1931இல் சுயமரியாதை மாகாண மாநாடு நடந்த ஊர் விருதுநகர். அந்த மண்ணிலிருந்து பார்க்கும் வாசகர் ‘தி ஆர்யன் குருசேட்’ என்ற தலைப்பைப் பார்த்ததும் முகம் சுளிப்பார். அதில் நியாயம் உண்டு. வேதாந்தத்தை இந்தியத்தன்மையின் முழு வடிவமாக முன்வைக்கும்போது சித்தர் மரபும் நாட்டார் தெய்வங்களும் வெளியே நிற்கின்றன. சிங்கப்பூரின் ஆட்சிமொழிகளில் ஒன்றாகத் தமிழ் இருந்தும் ருத்ராவின் பாட்டில் அது மையத்துக்கு வரவில்லை. உலக மெட்டல் ரசிகருக்கு மந்திரம் தரும் மயக்கத்தைத் தமிழ் தராது என்ற எண்ணம் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

தமிழ்நாட்டுக்குள் நிலைமை வேறு. பேஸ் இங்கே திரையிசை வழியாகவே காதுக்குப் பழகியது. இளையராஜா பேஸுக்குத் தனி மெட்டே எழுதினார். சசிதரன் வாசித்த அந்த ஓட்டங்களை உணராமல் 1980களின் பாடல்களைக் கேட்டிருக்க முடியாது. ‘பனிவிழும் மலர்வனம்’ பாடலைப் பேஸை மட்டும் பின்தொடர்ந்து ஒருமுறை கேட்டால் இது விளங்கும். ஏ.ஆர். ரஹ்மானின் குழுவில் கீத் பீட்டர்ஸ் அந்த மரபை நீட்டித்தார். மெட்டலுக்கோ சென்னையில் சிறு வட்டம்தான். 2009இல் ஐஐடி சாரங் விழாவுக்கு சுவீடனின் ஓபெத் மெட்டல் குழு வந்தது அந்த வட்டத்தின் பெரிய நாள். 2018இல் மேடையேறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மெட்டல் குழு அல்ல. ஆனாலும் பறையையும் கானாவையும் ராக் கிட்டாரோடு சேர்த்து, சாதிக்கு எதிராகத் தமிழில் உரக்கப் பாட முடியும் என்று அது காட்டிவிட்டது. 2022இல் ஜப்பானின் ஃபுஜி ராக் விழாவில் வாசித்த டெல்லியின் பிளடிவுட், இந்தியும் பஞ்சாபியும் மெட்டலுக்குத் தடையில்லை என்று மெய்ப்பித்தது.

தமிழ் மெட்டலுக்கு வேண்டிய மூலப்பொருள் சிவகாசி வட்டாரத்தில் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடக்கிறது. உறுமியின் தேய்ப்பொலியைக் கேட்ட காது மின்கிட்டாரின் பிசிறொலிக்குப் பயப்படாது. தவிலின் தொப்பிப் பக்கம் தரும் கனம் பேஸுக்கு அண்ணன் முறை. பாட வேண்டிய பொருளுக்கும் பஞ்சமில்லை: வெடிவிபத்து, வறட்சி, மருந்துக் கலவை அறையின் அச்சம், நாலு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாதென்று சட்டம் அளக்கும் வெடியொலி. இவற்றைப் பற்றிக் கனத்த குரலில் பாடுவதற்கு இதைவிடப் பொருத்தமான இசைவகை இருப்பதாகத் தெரியவில்லை.

கதிரின் வேதாந்தத்தை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். அவர் கைக்கொண்ட முறையைத் தமிழ் இளைஞர்கள் படிக்க வேண்டும்: கருவியை வெளியிலிருந்து எடு, சொல்லை உன் கையில் வைத்துக்கொள். இசைக் கல்லூரிகளும் சிற்றிதழ்களும் ருத்ராவின் முப்பதாண்டுப் பணியை முறையாகப் பதிவுசெய்ய வேண்டும். பேஸ் கிட்டார் வாங்கும் விருதுநகர்ப் பிள்ளை முதல் பாட்டைத் தமிழிலேயே எழுதட்டும்.