கண்ணாடிக்குப் படிவம், வீட்டுக்குக் கைவிரிப்பு

2024 மே 7ஆம் தேதி கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் ஒரு பெரிய மரம் சாய்ந்ததில் ஒருவர் இறந்தார். 17 வாகனங்கள் சேதமாயின, மோனோரயில் நின்றுபோனது. அதே ஆண்டு ஆகஸ்டு 23ஆம் தேதி ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் நடைபாதை உள்வாங்கி, இந்தியாவிலிருந்து சுற்றுலா வந்திருந்த ஒரு பெண்ணை விழுங்கியது. ஒன்பது நாள் தேடியும் அவர் கிடைக்கவில்லை. இரண்டும் டிபிகேஎல் என்று நாம் சொல்லும் மாநகர் மன்றத்தின் எல்லைக்குள் இருக்கும் இடங்கள். எப்படி நடந்தது, யார் பொறுப்பு, எவ்வளவு கொடுப்பார்கள் என்று ஊரே பேசியது. அந்தத் தெருவையும் அந்த மரத்தையும் பற்றி முன்பு ஏதாவது புகாரோ இழப்பீட்டுக் கோரிக்கையோ வந்ததா, வந்திருந்தால் அது எந்த மேசையில் நின்றது என்ற கேள்வி மட்டும் அந்த இரைச்சலில் காணாமல் போனது. ஊராட்சி மன்றங்கள் இழப்பீட்டைக் கையாளும் விதத்தை எடைபோட அந்தக் கேள்விதான் சரியான படிக்கல்.

முதலில், முறை என்னவென்று பார்ப்போம். கிள்ளான் பள்ளத்தாக்கின் மன்றங்கள் பொதுப் பொறுப்புக் காப்புறுதி எடுத்து வைத்திருக்கின்றன. மன்றம் நட்ட மரம் காரின்மேல் விழுந்தாலோ, மன்றத்துச் சாலையின் குழியில் மோட்டார் சைக்கிள் கவிழ்ந்தாலோ, பாதிக்கப்பட்டவர் போலீஸ் புகார் செய்கிறார், படம் எடுக்கிறார், பட்டறையில் செலவு மதிப்பீடு வாங்குகிறார், எல்லாவற்றையும் மன்றத்தின் படிவத்தோடு சேர்த்துக் கொடுக்கிறார். மன்றம் அதைக் காப்புறுதி நிறுவனத்துக்கு அனுப்புகிறது. நிறுவனம் சேதத்தை மதிப்பிட ஓர் அட்ஜஸ்டரை அனுப்பும். பிறகு ஒரு தொகை சொல்லப்படும், அல்லது மறுப்புக் கடிதம் வரும்.

இதை இளப்பமாகப் பேசுவது எளிது. ஆனால் இதன் பயனை வழக்கறிஞரைத் தேடிப் போய்ப் பார்த்தவர்கள் அறிவார்கள். நொறுங்கிய முன்கண்ணாடிக்காக நீதிமன்றப் படி ஏறினால் வழக்குச் செலவே கண்ணாடியை விஞ்சிவிடும். சொந்தக் காப்புறுதியில் கோரலாம் என்றால், இத்தனை ஆண்டு விபத்தில்லாமல் ஓட்டிச் சேர்த்த, 55 விழுக்காடு வரை போகும் தள்ளுபடி பறிபோகும். புயலும் வெள்ளமும் இழைக்கும் சேதத்துக்கோ தனியாகப் பணம் கட்டிச் சேர்த்திருந்தால்தான் பாதுகாப்பு. இந்த நிலையில், வழக்கில்லாமல் சில ஆயிரம் ரிங்கிட்டைத் திருப்பித் தரும் ஒரு வழி இருப்பது சிறிய விஷயமல்ல. மன்றத்துக்கும் இது நல்லது. ஒரே ஒரு பெரிய கோரிக்கை அந்த ஆண்டுக் குப்பை அகற்றும் பணத்தைத் தின்றுவிடாமல், கட்டணமாக முன்கூட்டியே கணக்கிட்டு வைக்க முடிகிறது. மதிப்பீட்டு வரி கட்டுகிறவரின் பணத்துக்கு அது ஒரு காவல்.

சிக்கல் அந்தக் காவலின் மறுபக்கத்தில் இருக்கிறது. கோரிக்கை காப்புறுதி நிறுவனத்தின் கையில் போன நிமிடத்தில் அது மன்றத்தின் பொறியாளருக்குச் சம்பந்தமில்லாத தாளாகிவிடுகிறது. கோப்பு சட்டப் பிரிவில் அல்லது நிதிப் பிரிவில் இருக்கிறது. குழியை அடைக்க வேண்டியவர் வேறொரு மாடியில் இருக்கிறார். பொறுப்பை ஏற்காமல், முழுமையான இறுதித் தீர்வாகக் கொடுக்கப்படும் தொகையோடு அந்தக் குழியைப் பற்றிய தகவலும் மூடப்படுகிறது. அதே சாலையில் அடுத்த மாதம் இன்னொருவர் விழுந்தால், அது புதிய எண்ணுள்ள புதிய கோப்பு. ஆபத்தை இன்னொருவர் தோளில் ஏற்றும் கலையை நம் மன்றங்கள் கற்றுக்கொண்ட அளவுக்கு, ஆபத்தைக் குறைக்கும் கலையைக் கற்கவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

இதில் எல்லைத் தகராறு வேறு. கிள்ளானில் ஒரு பெரிய சாலையின் ஓரத்தில் நின்றுகொண்டு அது யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். கூட்டரசு சாலை என்றால் பொதுப்பணி இலாகா, மாநிலச் சாலை என்றால் மாநிலம், குடியிருப்புத் தெரு என்றால் மன்றம், நெடுஞ்சாலை என்றால் டோல் நிறுவனம். தோண்டிவிட்டுச் சரியாக மூடாமல் போனது தண்ணீர்க் குழாய்க்காரரா, மின்சாரக் கம்பிக்காரரா என்பது அதற்கு மேல் ஒரு புதிர். மாநிலங்களுக்கு மத்திய அரசு தரும் சாலைப் பராமரிப்பு மானியம்கூட மாரிஸ் எனப்படும் பதிவேட்டில் சாலை ஏறியிருப்பதைப் பொறுத்தே வருகிறது. மஸ்ஜித் இந்தியாவில் மேலே தெரு டிபிகேஎல் உடையது. கீழே ஓடும் கழிவுநீர்க் குழாயைப் பார்த்துக்கொள்வது இண்டா வாட்டர். தேடலும் அந்தக் குழாய் வழியே பந்தாய் டாலாம் சுத்திகரிப்பு நிலையம் வரை போனது. தரைக்கு மேல் ஒருவர், தரைக்குக் கீழ் இன்னொருவர் என்று பொறுப்பு பிரிந்திருக்கும் நகரத்தில், பாதிக்கப்பட்டவர் முதலில் நிரூபிக்க வேண்டியது தன் காயத்தை அல்ல, சாலையின் முகவரியை. 2020 டிசம்பரில் அமைச்சராக இருந்த கைரி ஜமாலுடின் பந்திங்கில் சைக்கிளோடு குழியில் விழுந்தபோது பொதுப்பணி இலாகா உடனே மன்னிப்புக் கேட்டது. அமைச்சர் விழும் குழிக்கு உடைமையாளர் கண்டுபிடிக்கப்படுவது அவ்வளவு சிரமமாக இல்லை.

இவையெல்லாம் சின்னச் சேதங்களின் கதை. பெரிய சேதத்தின் கதை 1993 டிசம்பர் 11ஆம் தேதி உலு கிள்ளானில் எழுதப்பட்டது. பத்து நாள் மழைக்குப் பிறகு, ஹைலண்ட் டவர்ஸ் குடியிருப்பின் 12 மாடி முதல் கட்டடம் மலைச்சரிவோடு சேர்ந்து விழுந்தது. 48 பேர் மாண்டார்கள். மற்ற இரண்டு கட்டடங்களும் நின்றன, ஆனால் அவற்றில் யாரும் வாழ முடியவில்லை. அந்த இரண்டிலும் வீடு வைத்திருந்த 73 பேர் தொடுத்த வழக்குதான் மலேசிய ஊராட்சி மன்றங்களின் பொறுப்பு எதுவரை என்பதை வரையறுத்தது. 2000ஆம் ஆண்டு உயர்நீதிமன்ற நீதிபதி ஜேம்ஸ் ஃபூங் பழியைப் பங்கு பிரித்தார். மேட்டு நிலத்தை வைத்திருந்த நிதி நிறுவனத்துக்கு 30 விழுக்காடு, அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்துக்கு 15 விழுக்காடு, மீதி மேம்பாட்டாளர், வரைவாளர், பொறியாளர், அண்டை நிலத்துக்காரர் ஆகியோருக்கு. விபத்துக்கு முன் கழகம் செய்த பிழைகளுக்குச் சட்டம் கவசம் தருகிறது என்று அவர் ஒப்புக்கொண்டார். விபத்துக்குப் பிறகு, மலைச்சரிவின் வடிகாலைச் சீர்செய்யும் திட்டத்தைக் கழகம் நிறைவேற்றாமல் விட்டதற்குத்தான் அந்த 15.

2006 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் அந்த 15ஐயும் எடுத்துவிட்டது. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95(2)ஆம் பிரிவு கவசமாக நின்றது. கட்டடங்களும் வரைபடங்களும் மன்றத்தின் பரிசோதனைக்கும் ஒப்புதலுக்கும் உட்பட்டவை என்ற காரணத்தால் மன்றத்தின்மேல் வழக்கோ கோரிக்கையோ வராது, பரிசோதித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது என்கிறது அந்தப் பிரிவு. அதோடு, மன்றத்தைப் பொறுப்பாக்கினால் கோரிக்கைகள் குவியும், பொது நிதி கரையும், மற்றச் சேவைகள் பாதிக்கப்படும் என்ற அச்சமும் தீர்ப்பில் பேசப்பட்டது.

இந்த அச்சத்தைக் கேலி செய்ய நான் தயாரில்லை. கழகம் கொடுக்கும் ஒவ்வொரு ரிங்கிட்டும் அம்பாங்கில் ஓர் ஓட்டு வீட்டுக்காரர் கட்டிய வரி. கட்டடத்தை எழுப்பியவர் ஓடிப்போய்விட்டால், கையெழுத்திட்ட மன்றத்தின் தலையில் மொத்தக் கடனும் விழும் என்றால், எந்த மன்றமும் எதற்கும் ஒப்புதல் தராது. ஆனால் வாதம் ஓர் இடத்தில் வழுக்குகிறது. ஒப்புதல் தரும்போது நேர்ந்த கவனக்குறைவு ஒன்று. இடிந்து 48 பேர் செத்த பிறகு, ஆபத்து என்னவென்று கண்முன் தெரிந்த பிறகு, செய்வதாகச் சொன்னதைச் செய்யாமல் இருப்பது வேறு. முதலாவதற்குக் கவசம் தரலாம். இரண்டாவதற்கும் அதே கவசத்தை நீட்டினால், தெரிந்துகொள்வதே மன்றத்துக்கு வீண் வேலையாகிவிடுகிறது. விளைவு தலைகீழாக இருக்கிறது. கார்க் கண்ணாடி உடைந்தவருக்கு ஒரு படிவம் உண்டு. குடியிருந்த வீட்டையே இழந்தவருக்குக் கைவிரிப்பு.

அதே மலைத்தொடரில் 2002இல் தாமான் ஹில்வியூவில் 8 பேர் நிலச்சரிவில் இறந்தார்கள். 2008 டிசம்பர் 6ஆம் தேதி புக்கிட் அந்தாராபங்சா மீண்டும் சரிந்தது. இவற்றுக்கும் தீர்ப்புக்கும் முடிச்சுப் போடுவது நேர்மையாகாது. ஆனால் பொறுப்பு சுமத்தப்படாத இடத்தில் பாடமும் மெதுவாகத்தான் கற்கப்படும் என்று சந்தேகிக்க அவை இடம் தருகின்றன.

தேர்தல் இருந்தால் மக்களே தண்டித்துக்கொள்வார்கள் என்று சொல்லலாம். 1965இல் நிறுத்தப்பட்ட ஊராட்சித் தேர்தல் திரும்ப வரவில்லை. மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. வாக்குச்சீட்டு இல்லாத ஊரில் இழப்பீட்டுக் கோரிக்கை, குடிமகன் கையில் மிஞ்சியிருக்கும் ஒரு சில கோல்களில் ஒன்று. அதற்கும் காலம் குறைவு: சாதாரண உரிமையியல் தீங்குக்கு ஆறு ஆண்டு அவகாசம் இருக்க, பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி மன்றத்துக்கு எதிராக 36 மாதமே. இதற்கிடையே 2007 ஏப்ரலிலிருந்து, கட்டடம் குடிபுகத் தகுதியானது என்ற சான்றை மன்றத்துக்குப் பதிலாகக் கட்டடக் கலைஞரோ பொறியாளரோ கையெழுத்திட்டுத் தருகிறார். வேகம் கூடியது உண்மை. ஆபத்து மன்றத்தின் தோளிலிருந்து இன்னும் ஒரு படி இறங்கியதும் உண்மை.

வேறு ஊர்களில் இதே கவலையை வேறு விதமாகத் தீர்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 58ஆம் பிரிவு, சாலையைக் காக்க நியாயமான கவனம் எடுத்ததாகக் காட்ட முடிந்தால் மன்றத்துக்குத் தற்காப்பு தருகிறது. அதனால் அங்கே மன்றம் தன்னைக் காத்துக்கொள்ளச் சிறந்த வழி, எந்தத் தெருவை எந்த நாளில் யார் பார்த்தார் என்று எழுதி வைப்பது. கவசம் உண்டு, ஆனால் அதை வேலை செய்து சம்பாதிக்க வேண்டும். நியூயார்க்கில் 2014இல் அந்நகரின் கணக்குத் தணிக்கையாளர் ஸ்காட் ஸ்ட்ரிங்கர் கிளெய்ம்ஸ்டாட் என்ற பெயரில் நகரத்தின்மேல் வந்த கோரிக்கைகளை இடவாரியாகப் பகுத்துப் பார்த்தார். மரக்கிளை வெட்டும் பட்ஜெட்டைக் குறைத்ததும் மரம் விழுந்த கோரிக்கைகள் ஏறியது தெரிந்தது. புரூக்ளினில் ஒரு விளையாட்டுத் திடலில் குழந்தைகள் கால் உடைந்ததற்குக் காரணம் ஓர் ஊஞ்சல் மிகத் தாழ்வாகக் கட்டியிருந்தது என்பதும் தெரிந்தது. ஊஞ்சலைக் கொஞ்சம் உயர்த்துவதற்கு வழக்கறிஞர் தேவையில்லை.

நம் மன்றங்களில் கோரிக்கைகளைத் தெருவாரியாக, மரவாரியாக மக்கள் பார்க்கும்படி வைக்கும் வழக்கம் இல்லை. பிரிக்பீல்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கே இருப்பதால் பார்வையற்றவர்கள் தினமும் நடக்கும் பேட்டை அது. மேடு தட்டும் மஞ்சள் ஓடுகளை நம்பிக் கோல் ஊன்றி நடப்பவர்களுக்கு, உடைந்த ஓடும் வடிகாலின் திருடுபோன இரும்பு மூடியும் வெறும் அசௌகரியம் அல்ல. அந்தத் தெருக்களில் ஐந்தாண்டில் எத்தனை பேர் விழுந்தார்கள், எங்கே விழுந்தார்கள் என்ற பட்டியல் ஒரு கோப்பறையில் ஏற்கெனவே இருக்கக்கூடும். அதைப் பொறியாளர் மேசைக்குக் கொண்டுபோவதற்குப் புதிய சட்டம் வேண்டாம்.

சட்டம் திருத்தப்பட வேண்டிய இடம் குறுகியது. 95(2)ஐ முழுதாக நீக்கச் சொல்லவில்லை. குறிப்பிட்ட ஓர் ஆபத்து மன்றத்துக்கு எழுத்தில் தெரிவிக்கப்பட்டு, நியாயமான கால அவகாசம் முடிந்த பின்னும் எதுவும் செய்யப்படவில்லை என்றால், அந்த ஆபத்தைப் பொறுத்தவரை கவசம் விழ வேண்டும். அதுவரை செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி மன்றக் கூட்டங்கள், தீர்மானம் போட்டு விலக்கினாலொழிய, பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தவை. கிள்ளானில் ஒவ்வொரு கூட்டத்திலும் அந்த மாதம் வந்த கோரிக்கைகளை, பெயர்களை நீக்கி, சாலையையும் காரணத்தையும் கொடுத்த தொகையையும் மட்டும் போட்டுத் தாக்கல் செய்யலாம். கேள்வி கேட்க ஒரு மன்ற உறுப்பினர் போதும். கோலாலம்பூரில் இந்த வழியும் அடைபட்டிருக்கிறது. அங்கே சட்டப்படி மன்றம் என்பது மேயர் ஒருவரே, அவருக்கு ஓர் ஆலோசனை வாரியம் உண்டு, அவ்வளவுதான். அங்கே பட்டியலை வெளியிடுவதும் வெளியிடாததும் ஒரே ஒரு கையெழுத்தில் இருக்கிறது.