சுற்றும் வளையம்

மழை நாளில் குன்னூர்ச் சரிவில் சிக்னல் ஒற்றைக் கோடாகச் சுருங்கிவிடும். தேயிலை விற்கும் தெரிந்தவருக்கு நான் செய்து கொடுத்த இணையதளத்தில் ஆர்டர் பொத்தானை அழுத்தினால், திரை அசையாமல் நிற்கும். வாங்குபவர் மறுபடி அழுத்துவார். ஒரு கிலோ கேட்டவருக்கு மூன்று கிலோ பதிவாகும்!

மருந்து ரொம்பச் சின்னது: பதில் வரும்வரை திரையில் சுற்றும் ஒரு வளையம். சுழற்ற ஜாவாஸ்கிரிப்ட்கூட வேண்டாம், சிஎஸ்எஸ் போதும். ஒரு சதுரப் பெட்டி. 4 பிக்சல் சாம்பல் விளிம்பு. மேல் விளிம்புக்கு மட்டும் தேயிலைப் பச்சை. பார்டர்-ரேடியஸ் 50% என்றதும் சதுரம் வளையமாகிவிடும். கீஃப்ரேம்ஸில் 360 டிகிரி, விநாடிக்கு ஒரு சுற்று. ‘லீனியர்’ என்று போட மறந்தால், கொண்டை ஊசி வளைவில் கியர் மாற்றும் பஸ் மாதிரி சுற்றுக்குச் சுற்று தயங்கும்.

நமக்கு வேண்டியது மலை ரயிலின் பல்சக்கரம். தண்டவாளத்தின் நடுவே கிடக்கும் பற்சட்டத்தைக் கவ்வி, 1899 முதல் கல்லாறிலிருந்து குன்னூருக்கு ஒரே சீராக ஏறுகிறது. மேட்டுப்பாளையம்–ஊட்டி 46 கிலோமீட்டர்தான். ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம். சக்கரம் சுற்றுவது காதில் விழுவதால் யாரும் அலுத்துக்கொள்வதில்லை.

பதில் வந்ததும் வளையத்தை மறைத்துவிடுங்கள். வராவிட்டாலும் மறைத்துவிட்டு, ‘மறுபடி முயலுங்கள்’ என்று எழுதிவிடுங்கள்.